பழைய .303க்கு எந்த ரவையை நம்பி வாங்கலாம்?

கேள்வி கேட்டவர் வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்து, இப்போது கனடாவில் ஸ்காபரோவில் குடியிருக்கும் ஒரு தம்பி. அங்கே முறைப்படி லைசன்ஸ் எடுத்து, 1943இல் அங்குள்ள லோங் பிராஞ்ச் தொழிற்சாலையில் செய்த லீ என்ஃபீல்ட் நம்பர் 4 ரைபிள் ஒன்றை, அதாவது .303 அளவு ரவை சுடும் பழைய பிரிட்டிஷ் வகைப் படைத் துப்பாக்கி ஒன்றை, வாங்கியிருக்கிறார். லீவில் கொழும்புக்கு வந்தவர் வீட்டுக்கு வந்து கேட்டார்: "அங்கிள், கடைக்காரர் ரெண்டு வகை பழைய ஆமி ரவை காட்டினார். ஒன்று பாகிஸ்தானில் 1950களில் செய்தது, நல்ல மலிவு. மற்றது கனடாவில் 1944இல் செய்தது, விலை கூட. எதை வாங்க? எழுபது எண்பது வருசம் போன சாமானில் அப்படி என்ன பெரிய வித்தியாசம் இருக்கப் போகுது?"

தேத்தண்ணி ஆறும் முன் நான் சொன்ன பதில் குறைவு. அதனால் விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள். நான் ரவை என்று எழுதுவது முழுத் தோட்டாவை. முன்னால் பறந்து போவது சன்னம், பின்னால் மிஞ்சும் பித்தளைக் கூடு கோது, கோதின் அடியில் ஊசி அடிக்கும் இடம் கேப்பு.

சரி, முதலில் நேரான பதில். அந்த இரண்டில் 1944 கனடா ரவையை வாங்குங்கள். ஆனால் ஒரு பெட்டி மட்டும் வாங்கி, கீழே சொல்கிறபடி பார்த்து, திருப்தி என்றால் மிச்சத்தை எடுங்கள். பாகிஸ்தான் ரவையைச் சும்மா தந்தாலும் சுடுவதற்கென்று எடுக்க வேண்டாம்.

இந்த விசயத்தில் எனக்கு இரண்டு பள்ளிக்கூடங்கள். ஒன்று, 1960களில் பாடசாலை கடெற் படையில் இருந்தபோது தியத்தலாவையில் நடந்த வருடாந்த முகாம்கள். அந்தப் பனிக்குளிரில்தான் முதன்முதலாக .303ஐ தோளில் வைத்தேன். மற்றது, கோட்டையில் துப்பாக்கியும் தோட்டாவும் விற்ற ஒரு கடையின் பின்னறை. அங்கே முப்பது வருடத்துக்கு மேல் திருத்த வேலை பார்த்தேன். அங்கே கற்ற முக்கியமான ஒன்று இது: பழைய ரவையை வாங்கும்போது எந்த நாட்டில் செய்தது என்று கேட்பார்கள், எந்த வருடம் என்று கேட்பார்கள். இத்தனை வருடமும் அது எங்கே கிடந்தது என்று கேட்பவர்கள் குறைவு. ரவை கெட்டுப் போவது பெரும்பாலும் கிடந்த இடத்தால்தான்.

காரணம் உள்ளே இருக்கும் வெடிமருந்து. புகையில்லா மருந்தின் அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். அது செய்த நாளிலிருந்தே மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டிருக்கும் பொருள். சிதையும்போது அமில வாயு வரும், அந்த அமிலம் சிதைவை இன்னும் வேகப்படுத்தும். இதைப் பிடித்து வைக்கத்தான் டைஃபெனைலமின் போன்ற ஒரு நிலைப்படுத்தியை மருந்தோடு கலப்பார்கள். நிலைப்படுத்தி தீரும் வரை மருந்து நன்றாகவே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் தீரும் என்பது சூட்டைப் பொறுத்தது. ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் கூடினால் சிதைவின் வேகம் இரண்டு மடங்காகும் என்பது வேலைக்கு உதவும் ஒரு கணக்கு. குளிர்நாட்டு நிலக்கீழ் களஞ்சியத்தில் 10 பாகையில் கிடந்த பெட்டியையும், நம்மூர் தகரக் கொட்டகையில் 40 பாகையில் வெந்த பெட்டியையும் இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மூன்று தடவை இரட்டித்தால் எட்டு மடங்கு. இரண்டிலும் ஒரே வருடம் அச்சடித்திருந்தாலும் அவை ஒரே வயது ரவைகள் இல்லை.

பித்தளைக்கும் இதே கதைதான், காரணம் மட்டும் வேறு. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலம் வந்தால் களஞ்சியத்தில் இருந்த ரவைகளின் கோது தானாக விரிசல் விட்டது. யாரும் தொடவில்லை, சுடவில்லை. பருவமழையோடு வந்ததால் அதற்கு ஆங்கிலத்தில் சீசன் கிராக்கிங் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை விளக்கினார்கள். மழைக்காலத்தில் ரவைகளைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து, உள்ளே இழுவிசை தங்கியிருந்த பித்தளையைத் தாக்கியது. கழுத்தை நெரித்துச் சன்னத்தைப் பிடிக்க வைக்கும்போது அந்த இடத்தில் இழுவிசை மிஞ்சி நிற்கும். அதனால் விரிசல் பெரும்பாலும் கழுத்தில்தான் வரும், நீளவாக்கில், முடி அளவுக்கு. இன்றைக்கும் பழைய ரவையை எடுத்தால் என் கண் முதலில் போவது கழுத்துக்குத்தான்.

இதோடு ஒட்டிய ஒரு விசயம். நம் வீடுகளில் குத்துவிளக்கு மினுக்கும் பித்தளைப் பாலிஷ்கள் சிலவற்றில் அமோனியா உண்டு. ரவை கறுத்திருக்கிறதே என்று அதைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்த வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய ரவை மங்கிய தேன் நிறத்தில், கொஞ்சம் கறுத்து இருப்பதில் ஒரு குறையும் இல்லை. அளவுக்கு மீறி மினுங்கும் எண்பது வயது ரவையைக் கண்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும். யார் மினுக்கினார்கள், எதை மறைக்க மினுக்கினார்கள் என்று கேளுங்கள்.

அடுத்து, அடித்தட்டில் உள்ள எழுத்துகளை வாசிக்கப் பழகுங்கள். கேப்பைச் சுற்றிப் பொறித்திருக்கும் அந்த நாலைந்து எழுத்தும் இலக்கமும்தான் ரவையின் பிறப்புச் சான்றிதழ். செய்த தொழிற்சாலையின் அடையாளம், வருடம், மார்க் இலக்கம் (அந்த ரவையின் எத்தனையாவது வடிவம் என்பது) என்று மூன்றும் பெரும்பாலும் இருக்கும். கே.எஃப் என்றால் புனேக்கு அருகிலுள்ள கிர்க்கி. பி.ஓ.எஃப் என்றால் பாகிஸ்தானின் வா நகரத் தொழிற்சாலை. டி.ஐ என்று போட்டு அருகில் இசட் இருந்தால் கனடாவின் டிஃபென்ஸ் இண்டஸ்ட்ரீஸ். எச்.எக்ஸ்.பி என்றால் கிரேக்க நாட்டுத் தயாரிப்பு. ரோமன் எழுத்தில் ஏழு, அல்லது பிற்காலத்து ரவையில் சாதாரண 7 இருந்தால் அது மார்க் 7: 174 கிரெய்ன் எடையுள்ள சன்னம், வினாடிக்கு 2440 அடி வேகம், 1910இலிருந்து அந்த ரைபிள்களின் பொது உணவு. உங்கள் ரைபிளும் அதற்கென்றே செய்தது.

அந்த ஏழுக்குப் பின்னால் இசட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உள்ளே நைட்ரோசெல்லுலோஸ் மருந்து. பழைய பிரிட்டிஷ் முறை ரவையில் அது இல்லையென்றால் பெரும்பாலும் கோர்டைட் என்ற பழைய வகை மருந்து. கோர்டைட்டை முதன்முதல் பார்க்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். மருந்து என்றால் பொடியாகவோ மணியாகவோ இருக்கும் என்று நினைப்போம். இது சேமியா போல, மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு கட்டு நீளக் குச்சிகள். குச்சிகளை நேரான கோதுக்குள் செருகிய பிறகுதான் கழுத்தை ஒடுக்குவார்கள், இல்லாவிட்டால் உள்ளே போகாது. நைட்ரோகிளிசரினும் பஞ்சுமருந்தும் வாசலினும் சேர்ந்த கலவை அது. நல்ல இடத்தில் கிடந்தால் கோர்டைட் நீண்ட காலம் தாங்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் சூடு கூடியது, குழலைத் தின்னும். கோர்டைட் ரவைகளின் கேப்பும் பெரும்பாலும் குழலுக்கு ஆகாத பழைய வகை. சேகரித்து வைக்க அழகான பொருள். சுட என்றால் எனக்கு மனம் வராது.

மார்க் 8 இசட் என்று ஒன்று கிடைத்தால் விட்டுவிடுங்கள். அது விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கியின் நெடுந்தூரச் சூட்டுக்காகச் செய்தது. 175 கிரெய்ன், பின்பக்கம் ஒடுங்கிய சன்னம், 2550 அடி வேகம், அழுத்தமும் கூட. தேய்ந்த குழலில் அந்த ஒடுங்கிய சன்னத்தைச் சுற்றிச் சூடான வாயு கசியும். தேய்மானமும் கூடும், குறியும் தவறும்.

கவனமாகப் பார்க்க வேண்டிய இன்னொன்று நிறம். இரண்டாம் உலகப் போரில் .303 என்பது விமானங்களிலும் போன ரவை. அதனால் சாதாரண ரவைக்குப் பக்கத்தில் வேறு பல வேலைக்கான ரவைகளும் அதே உருவத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் முறையில் கேப்பைச் சுற்றி ஒரு மெல்லிய நிற வளையம் பூசுவார்கள். ஊதா என்றால் சாதாரண ரவை. சிவப்பு என்றால் வழிகாட்டும் டிரேசர், பச்சை கவசம் துளைப்பது, நீலம் தீமூட்டுவது, கறுப்பு வெடிக்கும் வகை. மஞ்சள் என்றால் துப்பாக்கியின் பலத்தைச் சோதிக்க வேண்டுமென்றே கூடிய அழுத்தத்தில் செய்தது. மார்க் எழுத்தோடும் தனி எழுத்து இருக்கும்: ஜி டிரேசருக்கு, டபிள்யூ கவசத்துக்கு, பி தீமூட்டிக்கு, கியூ சோதனைக்கு. எச் என்று இருந்தால் குழலின் நுனியில் மாட்டி கைக்குண்டு எறியும் கோப்பைக்கானது. எழுபது எண்பது வருடத்தில் வளையத்தின் நிறம் மங்கிப் போயிருக்கலாம், ஆகவே எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஊதாவும் ஏழும் தவிர வேறெதைக் கண்டாலும் கை வைக்காமல், அங்கே உள்ள பொலிசிடமோ சூட்டுக் கழகத்துப் பெரியவரிடமோ சொல்லுங்கள். உதிரியாகப் பையில் அள்ளிப் போட்டு விற்கும் ரவையை வாங்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நூறு நல்ல ரவைக்குள் ஒரு மஞ்சள் வளையம் கலந்திருந்தால் அந்தப் பையைத் தந்தவருக்கே அது தெரிந்திருக்காது.

பாகிஸ்தான் ரவைக்கு வருகிறேன். அந்தத் தொழிற்சாலையையோ நாட்டையோ குறை சொல்லவில்லை. 1950கள், 60களின் அந்த .303 உலகச் சந்தைக்கு வந்த நாள் முதல் சுடுகிறவர்கள் சொல்லிவரும் முறைப்பாடு ஒன்று: விசையை இழுத்தால் "டிக்" என்று ஊசி அடிக்கும். ஒன்றும் நடக்காது. அரை வினாடியோ ஒரு வினாடியோ கழித்து "டுமீல்". கேப்பு சோர்ந்து போனால் அதன் பொறி மருந்தை உடனே பற்றவைக்காது, கனன்று கனன்று பிறகு பிடிக்கும். அந்த ஒரு வினாடிக்குள் பழக்கமில்லாதவர் "சுடவில்லையே" என்று குழலைத் திருப்பிப் பார்ப்பார், அல்லது ரவையைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டை இழுப்பார். போல்ட் பாதி திறந்திருக்கும்போது ரவை வெடித்தால், கோதைப் பிடிக்க ஒன்றுமில்லாமல் பித்தளைத் துண்டும் சூடான வாயுவும் முகத்துக்கு வரும்.

எந்தப் பழைய ரவையானாலும் "டிக்" என்று மட்டும் கேட்டால் அசையாமல் குழலைக் குறிப்பலகை நோக்கியே பிடித்து, மனதுக்குள் முப்பது வரை நிதானமாக எண்ணுங்கள். அறுபது எண்ணினால் இன்னும் நல்லது. அப்புறம்தான் முகத்தை ஒதுக்கிக்கொண்டு போல்ட்டைத் திறக்க வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. வழக்கமான அடி இல்லாமல் "புஸ்" என்று சுருதி இறங்கிய சத்தம் வந்தால், சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். நிறுத்தி, ரவையை அகற்றி, பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் மேலே போகக் கூடாது.

இனிக் கறள். கொழும்பில் இருந்து இதை எழுதுவதால், உப்புப் போத்தலை நினைத்துப் பாருங்கள் என்று சொன்னால் போதும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு நசநசத்துக் கட்டியாகிவிடும், அம்மாமார் நாலு அரிசி மணி போட்டு வைப்பார்கள். பழைய இராணுவ ரவைகளின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. நம்பகமாகப் பற்றும், நீண்ட நாள் தாங்கும் என்பதால் படைகள் அதை விரும்பின. அது எரிந்ததும் மிஞ்சுவது பொட்டாசியம் குளோரைட், அதாவது ஒரு வகை உப்பு. ஒவ்வொரு சூட்டிலும் குழலின் உட்சுவரில் இந்த உப்பு மெல்லிய தூளாகப் படியும். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 84 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்து உப்புநீராகும். இரும்பின் மேல் உப்புநீர் நின்றால் என்னாகும் என்பதற்கு வெள்ளவத்தைக் கடலோர வீட்டு ஜன்னல் கம்பிகளே சாட்சி. கொழும்பில் இரவு நேர ஈரலிப்பு அந்த அளவைச் சர்வசாதாரணமாகத் தொடும்.

இதை நான் படித்துக் கற்கவில்லை, கெடுத்துக் கற்றேன். கடையில் சேர்ந்த புதிதில் ஒரு தோட்டத்துரை தன் .303 வேட்டை ரைபிளைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். பழைய ரவை சுட்டது என்று சொல்லியே கொடுத்தார். நான் துணியில் எண்ணெய் தோய்த்து நாலு தரம் இழுத்தேன். குழல் கண்ணாடி போல் மினுங்கியது. நல்லாய்ச் செய்துவிட்டேன் என்று தாங்கியில் நிறுத்தினேன். அன்றிரவு முழுக்க மழை. மறுநாள் காலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபோது, குழலின் உள்ளே வெட்டிய சுழல்வரிகளின் ஓரமெல்லாம் செம்மண் தூவினது போல இருந்தது. கடையில் எனக்கு வேலை பழக்கிய பெரியவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. "உப்பு எண்ணெயில் கரையுமா தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் செய்த வேலை உப்பின் மேல் எண்ணெயைப் பூசியது மட்டுந்தான். அந்தக் குழலில் விழுந்த சிறு குழிகள் கடைசிவரை போகவில்லை. அந்த ரைபிள் திரும்பக் கடைக்கு வரும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

அந்தக் கேள்விக்கு விடை தியத்தலாவையிலேயே எனக்குக் காட்டப்பட்டிருந்தது, எனக்குத்தான் அப்போது விளங்கவில்லை. சூடு முடிந்ததும் சார்ஜன்ட் ஒருவர் பெரிய கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைப்பார். போல்ட்டைக் கழற்றி, வளைந்த மூக்குள்ள தகரப் புனலைப் பின்பக்கத்தில் செருகி, கொதிநீரை ஊற்றுவார். குழலின் வாயிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஒழுகும், கொஞ்ச நேரத்தில் தெளிவாகும். அந்தக் குளிரில் குழலைத் தொட முடியாத அளவுக்குச் சுடும், ஆவி பறக்கும். அந்தச் சூட்டிலேயே உள்ளே ஈரம் காய்ந்துவிடும். அப்புறம் கயிறு கட்டிய பித்தளைக் குண்டோடு உலர்ந்த துணியை இழுத்து, கடைசியாகத்தான் எண்ணெய்த் துணி.

உங்கள் ரைபிளுக்கும் இதுதான் முறை. அரை லீட்டரிலிருந்து ஒரு லீட்டர் கொதிநீர் போதும். போல்ட்டின் முகத்தையும் ஊசி வரும் துளையையும் சேர்த்துக் கழுவுங்கள், அங்கேயும் உப்பு படியும். அன்றைக்கே செய்யுங்கள், வீடு போய்ச் சாப்பிட்டுப் படுத்து நாளைக்கு என்று விடாதீர்கள். ஜன்னல் கண்ணாடி துடைக்கும் அமோனியாத் திரவம் தெளித்தால் உப்பு "முறிந்துவிடும்" என்று பலர் சொல்வார்கள். முறிக்க அங்கே ஒன்றுமில்லை. அந்தத் திரவத்தில் இருக்கும் தண்ணீர்தான் வேலை செய்கிறது. ஸ்காபரோவின் பனிக்காலத்தில் சூடேற்றிய வீட்டுக் காற்று உலர்ந்திருப்பதால் உப்பு மாதக்கணக்கில் பேசாமல் கிடக்கும், கறள் வரவில்லையே என்று நம்பிக்கை வந்துவிடும். யூலை மாதப் புழுக்கத்தில் அது வேலையைத் தொடங்கும்.

இந்த இடத்தில்தான் உங்கள் 1944 கனடா ரவை முன்னுக்கு வருகிறது. டி.ஐ இசட் ரவையில் கேப்பு உப்பு விடாத வகை. போர்க்காலத்திலேயே அப்படிச் செய்தார்கள் என்பது பெரிய விசயம், அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் ரவைகள் பெரும்பாலும் உப்பு வகைதான். மருந்தும் நைட்ரோசெல்லுலோஸ். கேப்பு பொக்சர் முறை, அதாவது சுட்ட கோதுக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தால் அடியில் நடுவில் ஒரே ஒரு துளை தெரியும். பெர்டான் முறை என்றால் இரண்டு சிறு துளைகள். ஒற்றைத் துளைக் கோதை மறுபடி நிரப்பிப் பாவிப்பது சுலபம். 1970கள், 80களின் எச்.எக்ஸ்.பி கண்ணில் பட்டால் அதுவும் இதே மாதிரி, உப்பு விடாதது, பொக்சர், வயதும் குறைவு. கிடைத்தால் டி.ஐ இசட்டை விட அதைத்தான் முதலில் எடுப்பேன். இருந்தாலும் எதைச் சுட்டாலும் உப்பு வகை என்று நினைத்தே கழுவுங்கள். ஒரு கேத்தில் தண்ணீர்ச் செலவுதான்.

பெட்டியை வாங்கி வந்ததும் மேசையில் வெள்ளைத் துணி விரித்து ஒவ்வொன்றாக அடுக்குங்கள். எல்லாவற்றிலும் ஒரே அடையாளம், ஒரே வருடம் இருக்கிறதா? அட்டைப்பெட்டியின் மேல் ஒட்டிய துண்டில் உள்ள தொகுதி இலக்கம் எல்லாப் பெட்டியிலும் ஒன்றா? கலந்திருந்தால் யாரோ பிரித்து மறுபடி அடுக்கியிருக்கிறார்கள், அதை விடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் விளக்கின் கீழ் உருட்டி, கழுத்தில் விரிசல் தேடுங்கள். நகத்தால் வருடினாலும் தட்டுப்படும். சன்னத்தைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போகவோ சுழலவோ கூடாது. கேப்பைச் சுற்றிப் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் ஒதுக்குங்கள். கோதின் உடம்பில் லேசான களிம்பு துணியால் துடைக்கப் போய்விட்டால் குறையில்லை. துடைத்த இடத்தில் குழி இருந்தால் அந்த ரவை வேண்டாம். எண்ணெய் மட்டும் பூசாதீர்கள். கேப்புக்குள் எண்ணெய் இறங்கினால் அது செத்துவிடும். எண்ணெய் பூசிய கோது, குழலின் பின்னால் ரவை உட்காரும் அறையின் சுவரைப் பிடிக்காமல் பின்னால் வழுக்கி, போல்ட்டின் மேல் முழுப் பாரத்தையும் போடும்.

வெளிப்பார்வையால் மருந்தின் நிலை தெரியாது. கழகத்தில் மறுநிரப்பு வேலை தெரிந்த ஒருவர் இருப்பார். அவரிடம் சன்னம் கழற்றும் கருவி இருக்கும். மூன்று நாலு சாதாரண ரவைகளை, சாதாரணம் என்று உறுதியானவற்றை மட்டும், அவர் கையால் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூக்கருகே கொண்டு போங்கள். நல்ல மருந்தில் ஈதரையோ சாராயத்தையோ நினைவூட்டும் மெல்லிய மணம் இருக்கும். கெட்டது புளித்து, மூக்கைக் குத்தும். செங்கல் தூள் மாதிரிச் சிவந்த பொடி இருந்தாலோ, மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தாலோ, கோதின் உட்பக்கம் பச்சை பிடித்திருந்தாலோ அந்தத் தொகுதி முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் பாதியைப் பொறுக்கி எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

ரவையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ரைபிளையும் ஒருவர் பார்த்தாக வேண்டும். .303இல் ரவை நிற்பது கோதின் அடியில் உள்ள விளிம்பின் தடிப்பில். போல்ட்டுக்கும் விளிம்புக்கும் இடையில் இடைவெளி கூடினால் கோது நீண்டு, அடியிலிருந்து கொஞ்சம் மேலே கிழியும். நம்பர் 4இல் போல்ட்டின் தலை தனியாகக் கழரும், 0 முதல் 3 வரை இலக்கமிட்ட அளவுகள் உண்டு. துப்பாக்கி திருத்துகிறவர் அளவுக்கருவி போட்டுப் பார்த்து ஏற்றதை மாட்டுவார். அது செய்யாமல் ஒரு ரவையும் சுட வேண்டாம். முதல் ஐந்தைச் சுட்டபின், ஒரு கம்பியின் நுனியைக் கொக்கி போல் வளைத்து, வெறுங் கோதின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே மெல்ல இழுத்துப் பாருங்கள். அடிக்குச் சற்று மேலே ஒரு பள்ளத்தில் கம்பி தட்டினால், கோது அங்கே கிழிய ஆயத்தமாகிறது.

உங்கள் நண்பர் ஒருவர் இந்திய ரைபிள் வாங்கப் போவதாகச் சொன்னீர்கள். இஷாப்பூரின் 2ஏ1 பார்க்க லீ என்ஃபீல்ட் போலவே இருக்கும், ஆனால் அது 7.62 நேட்டோ ரவைக்குச் செய்தது. உருவத்தை நம்பாமல் அதில் பொறித்திருப்பதை வாசிக்கச் சொல்லுங்கள். வேறு நாட்டுத் துப்பாக்கிகளுக்கும் இதே கவனம்தான். சோவியத் பக்கத்து நாடுகளின் ரவை மூடி முத்திரையிட்ட தகர டப்பாவில் நேற்றுச் செய்தது போல் வரும், ஆனால் பிற்காலத் தயாரிப்பு வரை பெரும்பாலும் உப்பு வகை. அமெரிக்க .30 காபைன் ரவை மட்டும் தொடக்கத்திலிருந்தே உப்பு இல்லாதது. வாயுவில் இயங்கும் துப்பாக்கிகளில் வாயுக்குழாய், பிஸ்டன் எல்லாவற்றையும் கழுவ வேண்டும் என்பதால் உப்பு ரவையை அவற்றில் நான் விரும்புவதே இல்லை.

மாதம் இரண்டு தடவை கழகத்துக்குப் போய்ச் சுடப் போகிறீர்கள் என்றால் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சேர்பியாவின் பிர்வி பார்டிசான் இன்றும் 174 கிரெய்ன் சன்னத்தோடு புதிய .303 செய்கிறது. அதை வாங்கிச் சுட்டு, கோதை வைத்து மறுநிரப்புங்கள். பழைய ரவையை, அந்த ரைபிள் தன் காலத்தில் எப்படிப் பேசியது என்று கேட்க ஆசைப்படும் நாட்களுக்கு வையுங்கள். அந்த ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது. 1944இல் யாரோ ஒரு கனேடியத் தொழிலாளி அடைத்த ரவை, ஒரு வருடம் முந்தி ரொறன்ரோவுக்கு மேற்கே ஏரிக்கரையில் செய்த ரைபிளில், எண்பது வருடம் கழித்து உங்கள் தோளில் உதைக்கும்போது வரும் உணர்வை எந்தப் புது ரவையும் தராது. வைக்கும்போது குளிர்ந்த, உலர்ந்த, பூட்டிய இடம். காரின் பின்பெட்டியிலோ கூரைக்குக் கீழோ வேண்டாம்.

கொழும்பில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று. இங்கே 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துப்பாக்கியோ ரவையோ வைத்திருப்பது குற்றம். தாத்தாவின் பெட்டகத்திலோ பழைய பங்களாவின் அலுமாரியிலோ ஐந்தாறு ரவை கிடைத்தால், மேலே எழுதிய சோதனை எதையும் செய்யாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, 119க்குச் சொல்லுங்கள். கிணற்றில் போடுவதும் மண்ணில் புதைப்பதும் அடுத்த தலைமுறைப் பிள்ளையின் கையில் கொடுப்பது மாதிரித்தான்.

தம்பி, முதல் ஐந்தைச் சுட்ட அன்றைக்கு அந்தக் கோதுகளை வாளிக்குள் எறிந்துவிடாமல் வரிசையாக வைத்து, கழுத்தும் அடித்தட்டும் தெரிகிற மாதிரி இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள். ஞாபகத்துக்கு என்று வெறுங் கோதைக்கூடப் பெட்டியில் போட்டுக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டு வந்துவிடாதீர்கள், படம் போதும். கேப்பில் ஊசி அடித்த பள்ளத்தையும் கழுத்தையும் பார்த்தால், மிச்சப் பெட்டிகளை வாங்கலாமா என்று அன்றைக்கே சொல்லிவிடுவேன்.